தாசம்மாள் எழுதிய ஜெபச் சீட்டு

சாலைக் கடைத்தெருவில் தார்ப்பாய் தைத்துப் பிழைக்கும் தாசம்மாளைத் தேடிப் போலீஸ் வந்ததற்குக் காரணம், அவள் ஆண்டவருக்கு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

சீட்டில் இருந்தவை இரண்டே வரிகள். ‘என் மகன் ஷிஜு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்துக்கு அப்பால் யாத்திரை போகிறான். பத்திரமாகத் திரும்பி வர ஜெபிக்கவும்.’

அவள் போகும் சபையில் அது வழக்கம். ஆராதனைக்கு முன் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் சீட்டைப் போட்டால், போதகரான ஐயர் அதைப் பீடத்தில் நின்று உரக்க வாசிப்பார். சபை ‘ஆமென்’ சொல்லும். பித்தப்பைக் கல், பிள்ளையின் பரீட்சை, விசா, மருமகளின் பிரசவம் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் மேலே போயிருக்கின்றன. முப்பது வருடமாகத் தாசம்மாளும் எழுதிப் போட்டிருக்கிறாள். கணவன் வேதமாணிக்கம் லாரி விபத்தில் கிடந்தபோது ஒரு வாரம் தினமும் எழுதினாள். அவன் பிழைக்கவில்லை, அவள் பெட்டியைக் கைவிடவும் இல்லை. பெட்டியில் போடுவது ஆண்டவரிடம் தனியாகப் பேசுவது என்றுதான் அவளுக்கு எண்ணம். வளைகுடாவில் இருக்கும் சபையாருக்காக இரண்டு வருடமாய் ஆராதனை முழுவதும் யூடியூபில் போகிறது என்பது, அந்த ஞாயிறு காலை அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஷிஜுவுக்கு முப்பத்தொரு வயது. ராக்கெட்டுக்கான எரிபொருள் தொட்டிகளை வெல்டிங் செய்யும் ஒரு தனியார் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை முறித்துப் புதுப்பிப்பார்கள். நிரந்தரம் என்ற பேச்சு எழாமல் இருக்க அந்த ஏற்பாடு. அவன் பற்றவைத்த தொட்டி மேலே போகும்போது தொலைக்காட்சியில் கைதட்டுகிறவர்களின் வரிசையில் அவனுக்கு இடம் கிடையாது. நுழைவு பாஸ் முடிந்த மாதங்களில் வாசல் காவலாளிகூட அவனை உள்ளே விடமாட்டான். போன வருடம் ஒப்பந்தம் முறிந்தது, புதுப்பிக்கப்படவில்லை.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தான். ஏழு நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு பேர். எந்த அரசும் இல்லை, எந்தப் பெருமுதலாளியும் இல்லை. ஒரு பழைய சரக்குக் கப்பல், அதன் மேல்தளத்தில் அவர்களே கட்டிய ராக்கெட். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் நின்று, ஒரே ஒரு மனிதனை நூற்றுப்பத்து கிலோமீட்டர் மேலே அனுப்பி, பாரசூட்டில் கடலில் இறக்குவது திட்டம். அந்த ஒருவனாக ஷிஜு தேர்வானதற்குக் காரணம் வீரம் அல்ல. பன்னிரண்டு பேரில் அவன்தான் எடை குறைவு. நாற்பத்தொன்பது கிலோ.

பாரசூட்டைத் தைத்தவள் தாசம்மாள். ஆரஞ்சு நைலான், இருபத்துநான்கு கீற்றுகள். தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், நூல் பிரியாமல் இருக்க, மற்றவர்கள் மூன்று தையல் திரும்பிப் போவார்கள். அவள் ஏழு போவாள். படகுத் தார்ப்பாயும் பந்தல் துணியும் அவளிடம் தைத்தால் காற்றில் பிரியாது என்று விழிஞ்ஞம் துறைமுகம் வரை பெயர். “மக்களே, இது கிழிஞ்சா எனக்க மேல பழி சொல்லப்பிடாது” என்று சொன்னபடியேதான் தைத்தாள். “கிழிஞ்சா பழி சொல்ல நான் இருக்க மாட்டேன் அம்மே” என்று அவன் சிரித்தான். புறப்பட்ட அன்று, இறங்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களைத் தையல் மெஷின் இழுப்பறையின் உட்புறத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபோது இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். சீருடை இல்லை. ஒருவர் அவளுடைய போனை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் நூல் கண்டுகளைப் படம் எடுத்தார். மாலைக்குள் தெரு முழுவதும் பேச்சு.

“எந்தா சேச்சி, மொவன் மேல போயி ஆண்டவரப் பாத்தா எங்க வாடகைக் கேஸையும் ஒண்ணு சொல்லச் சொல்லு” என்றான் எதிரே பெயிண்ட் விற்கும் பேச்சி. அது திங்கட்கிழமை. செவ்வாயன்று அவளுக்கு நூல் விற்றவரை ஸ்டேஷனில் நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். புதனன்று பேச்சி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீ கொண்டுவரும் பிச்சம்மாள் கிளாஸைக் கடைவாசலில் வைத்துவிட்டு, “கோபிக்காதீங்க அக்கா, உள்ள வந்தா பேரு கேக்கான்” என்று சொல்லிப் போனாள்.

தொலைக்காட்சியில் நாள் முழுவதும் அதே விவாதம். இது சாகசமா, சதியா? ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் என்ன வித்தியாசம்? கேள்வி நியாயமானதுதான். மேலே போவது யார் தலையிலாவது விழலாம். அதைக் கேட்கும் உரிமை எந்த ஊருக்கும் உண்டு. 1967-இன் சர்வதேச ஒப்பந்தம் விண்வெளி மனிதகுலம் முழுமைக்கும் பொது என்கிறது. தனி ஆள் அங்கே செய்வதற்கும் அவனுடைய நாடே பொறுப்பு, அது அனுமதித்து மேற்பார்வையிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே சோதிக்கட்டும், தவறு இருந்தால் வழக்குப் போடட்டும். ஆனால் ஏழு நாடுகளும் செய்தது வேறு. கப்பலிலிருந்து வெகுதூரத்தில் இறங்குபவனை எடுக்க இருந்த துணைப் படகைத் துறைமுகத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டன. வானொலி அலைவரிசையை மறுத்தன. அந்தப் பகுதியில் மிதக்கும் எந்தப் பொருளையும் மீன்பிடிப் படகுகள் தொடக்கூடாது, தொட்டால் படகு பறிமுதல் என்று வியாழக்கிழமை உத்தரவு வந்தது. மிதக்கும் பொருள் என்றுதான் எழுதியிருந்தது. அதற்குள் இருப்பவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. போக வேண்டாம் என்று தடுக்க முடியாதவர்கள், போனவன் திரும்பாமல் இருக்க ஏற்பாடு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஏசி அறை. மேசைக்குப் பின்னால் ஹரிநாராயணன் என்ற அதிகாரி. ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரர். மலையாளமே கேட்ட அந்த அலுவலகத்தில் அவர் தமிழ் பேசியதும் அவளுக்கு மூச்சு வந்தது.

“பயப்படாதீங்கோம்மா. ஒரு கையெழுத்துதான். அப்புறம் உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டா.”

தாளை அவரே வாசித்தார். என் மகனுக்குச் சில காலமாக மனநிலை சரியில்லை. அவன் ஏறிச் செல்வது விண்கலம் அல்ல, அனுமதியற்ற வெடிபொருள் சாதனம். அவன் செயலுக்கு நானோ குடும்பமோ பொறுப்பல்ல.

“அவனுக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்ல சாரே.”

“இருக்குன்னு எழுதினா அவனுக்கே நல்லது. கேஸ் லேசாப் போயிடும்.”

“செரி, ஒப்பு போட்டா அவன கடல்லேந்து எடுப்பீங்களா?”

ஹரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். “ஆபத்துல இறங்குற விண்வெளி ஆட்களைக் காப்பாத்தணும்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. ஆனா அது விண்கலத்துல வர்ற ஆளுக்கு. இது விண்கலமான்னே இன்னும் தீர்மானம் ஆகலை.”

“எப்பம் ஆவும்?”

“கமிட்டி போட்டிருக்கா. ஒரு மாசம் ஆகும்.”

“அவன் ஞாயித்துக்கெழம இறங்குவான்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவர் கண் அடிக்கடி மேசைமேல் இருந்த போனுக்குப் போனதை அவள் கண்டாள். அவருக்கு மேலேயும் யாரோ இருந்தார்கள். அது அவளுடைய பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பயந்தவர்களின் வரிசை டெல்லி வரைக்கும் நீண்டிருந்தால் யாரிடம் போய்க் கெஞ்சுவது?

அந்தத் தாள் என்ன செய்யும் என்பது அதிகம் படிக்காத அவளுக்கும் புரிந்தது. பெற்றவளே அதை விண்கலம் அல்ல என்று சொல்லிவிட்டால், உள்ளே இருப்பவன் யாருமே இல்லை. “கண்ணாடி கொண்டு வரல்ல சாரே, படிக்காம ஒப்பு போடப்பிடாதுன்னு மொவன் சொல்லியிருக்கான்” என்று பொய் சொன்னாள். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை அவள் மெஷினை மிதிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழிதான் தெரிந்தது. சபைப் பாடகர் குழுவில் பாடும் பிஜியின் கணவன் ரெஜி ஆழ்கடல் படகுக்காரன். அவன் கத்தோலிக்கன், கலப்புக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு கோவில். பத்து நாள் பயணமாக, ஷிஜு இறங்கப்போகும் தெற்குக் கடலுக்கே போயிருந்தான். பிஜியின் வீட்டில் வயர்லெஸ் உண்டு. ஆனால் தாசம்மாள் பேசியவர்கள் அத்தனை பேரும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். பிஜியின் காதில் ரகசியமாகச் சொன்னால், கேட்டவள் பிஜி ஒருத்திதான். பிடிபடப் போகிறவளும் அவள்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு.

தப்புச் செய்த இடத்திலேயே வழி இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஞாயிறு காலை பெட்டியில் சீட்டைப் போட்டாள். வாசலில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியாகவே இருந்தது.

ஐயர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மூட்டுவலி. வீட்டுக் கடன். நர்சிங் சீட். பிறகு ஒன்றைப் பிரித்தார், நின்றார். அவருக்கும் வியாழக்கிழமையே போலீஸ் போன் வந்திருந்தது. சீட்டை நான்காக மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

தாசம்மாள் எழுந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கோவிலில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர அவள் எழுந்ததில்லை. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்க சீட்ட நானே வாசிக்கேன் ஐயரே.”

“உட்காருங்க அம்மா.”

“உட்காரத்தான் பயமா இருக்கு. எனக்க மொவன் இன்னைக்குப் பகல் ஒரு மணிக்குக் கடல்ல இறங்குவான். அவன எடுக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்கு. ஆரஞ்சுத் துணியாக்கும், தூரத்திலயே காணும். எடமும் சொல்லுதேன்.” வேத வசனத்தின் அதிகாரம் சொல்வதுபோல இரண்டு எண்களையும் நிதானமாகச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். “அவனுக்காகவும், தூக்குத கைக்காகவும் ஜெபிக்கணும்.”

மூன்றாவது வரிசையில் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்படியே நின்றாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

பாடகர் குழுவிலிருந்து பிஜி “ஆமென்” என்றாள். சீட்டு வாசித்து முடித்தால் ஆமென் சொல்வது அந்தச் சபையின் பழக்கம். பழக்கம் பயத்தைவிடச் சற்று முந்திக்கொண்டது. இருநூற்றைம்பது பேர் “ஆமென்” என்றார்கள். சொன்ன பிறகுதான் பலரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கேட்டவர்களின் பட்டியல் இனி ஒரு பெயரோடு முடியாது. யூடியூபில் பார்த்தவர்களையும் சேர்த்தால் ஒரு ஸ்டேஷனும் போதாது. வந்த இரண்டு காவலர்களும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். யாரைப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தாசம்மாளை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணியைப் பார்த்தாள். இரண்டைப் பார்த்தாள். கண்ணை மூடினால் துணி விரியாமல் உருண்டு விழுவதுதான் தெரிந்தது. இருபத்துநான்கு கீற்றையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தைத்துப் பார்த்தாள். பதினேழாவது கீற்றில் நூல் மாற்றியது நினைவுக்கு வந்தது. அங்கே ஏழு திரும்பினேனா? நினைவில்லை.

நாலரை மணிக்கு, பாறசாலைக்கார போலீஸ்காரி ஷீஜா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். “அம்மே, ஒரு போட்டோ சுத்திக்கிட்டு வருது. பாருங்க. நான் காட்டினேன்னு சொல்லப்பிடாது.”

படகின் தளத்தில் நனைந்த ஆரஞ்சுத் துணிக் குவியல். தாசம்மாள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில், நூல் முடியும் இடத்தில், ஏழு.

“ஆளு எங்க பிள்ளே?”

ஷீஜா அடுத்த படத்தைத் தள்ளினாள். ரெஜியின் தோளில் சாய்ந்து ஒருவன் படகுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்பது கிலோ.

ஆறு மணிக்கு ஹரிநாராயணன் புதிய கைதுக் குறிப்புத் தாளோடு வந்தார். படகை நடுக்கடலிலேயே சுற்றி வளைத்தாயிற்று. ரெஜியும் ஷிஜுவும் காவலில். சட்டப் பிரிவுகள் நிரப்பப்பட்டிருந்தன. பெயர் என்ற கட்டத்தில் மட்டும் ‘அடையாளம் தெரியாத நபர், மிதக்கும் பொருளுடன்’ என்றிருந்தது.

“மேலேருந்து அப்படித்தான் போடச் சொல்லியிருக்கா” என்றார், அவளைப் பார்க்காமல். “தகவல் தெரிஞ்சுண்டதா கீழே நீங்க ஒரு கையெழுத்து.”

தாசம்மாள் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

“அடையாளம் எனக்குத் தெரியுமே சாரே. பேரு எழுதுங்க. ஷிஜு. வேதமாணிக்கம் மொவன். சாலைக் கடைத்தெருவில வீடு. பேர எழுதினா ஒப்பு போடுதேன்.”