மேட்டில் நின்று ஏற வேண்டும்

கோபம் வந்தால் கீழ் வீட்டு அக்கா கத்திரியை வெறும் காற்றில் வெட்டுவார். சரக், சரக் என்று சத்தம் வரும், ஒரு முடி விழாது. அந்தச் சத்தம் கேட்டதும் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிக்கொள்வது நல்லது. அவருடைய கணவருக்கு மட்டும் இத்தனை வருடமாகியும் அது பிடிபடவில்லை. மேல் மாடியில் குடியிருக்கும் எனக்கே கேட்கிறது.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய் முடி வெட்டி, தலை அலசி விடுவது அக்காவின் தொழில். தோளில் ஒரு பை, கையில் தண்ணீர் கேன், கக்கத்தில் கழுத்து வைக்க வளைவு விட்ட பிளாஸ்டிக் தொட்டி. கொண்டையில் எந்நேரமும் ஒரு சீப்பு செருகியிருக்கும், அதனால் தெருவில் அவர் பெயர் சீப்பக்கா. வாடிக்கையாளர்களை அவர் ‘தலை’ என்றுதான் சொல்வார். “இன்னிக்கு மேட்டுல மூணு தலை இருக்கு” என்றால் மாலை வரை வர மாட்டார் என்று பொருள். கழுத்து நிற்காத பெரியவரிடம், “அசையாதீங்கய்யா, ரெண்டு காதும் உங்களுக்கு வேணும்ல” என்பார். பேச்சு வராதவர்களிடம்கூடக் கண்ணாடியைக் காட்டி, இவ்வளவு எடுக்கலாமா என்று கேட்டு, அவர்கள் கண்ணை மூடித் திறந்த பிறகுதான் கத்திரியை வைப்பார்.

எங்கள் பக்கம் தெருவெல்லாம் மேடு. பஸ் பாதி மேட்டோடு திரும்பிவிடும். அதற்கு மேல் கால்தான். இந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு முழங்கால் வீங்கி, ஒரு மாதம் மேலே போக முடியாமல் போயிற்று. அதற்குள் உச்சி வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தையல்காரம்மாவின் தலையை அவருடைய மருமகன் மெஷினை வைத்து மழித்துவிட்டான். சிக்கு விழுந்துவிட்டதாம், பார்த்துக்கொள்ள இதுதான் சுலபமாம். அக்கா நொண்டிக்கொண்டு போய் நின்றபோது அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒரு வார்த்தை கேக்கல. தரையத் துடைக்கிற மாதிரி வழிச்சு விட்டிருக்கான்” என்று என் வாசலில் நின்று சொன்னார். கையில் கத்திரி இல்லை. விரல்கள் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தன.

கார் வாங்கும் எண்ணம் அன்று வந்தது. கீழ்த்தெருவில் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு குட்டிக் காரை விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலுமிச்சை நிறம், இரண்டு ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் நின்றுவிடும். மேட்டுச் சந்துகளில் பெரிய வண்டி நுழைந்தால் திரும்ப வழியில்லாமல் பின்னாலேயே இறங்கி வர வேண்டும், அங்கே இந்த அளவுதான் சரி. முன்பு ஓட்டலுக்குத் துணி வெளுக்கிற கம்பெனியில் வேன் ஓட்டியவர் அக்கா, ஓட்டுவதில் பயமில்லை. வண்டி ஏறுமா என்பது ஒன்றுதான் சந்தேகம்.

ஆனால் ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். குடும்பத்துக்கு ஆகாத வண்டி எதற்கு என்றார் கணவர். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவர், வீட்டிலும் அதே வேலைதான். கணவரின் அண்ணன் இதைச் சோப்பு டப்பா என்றார். எப்போதோ விற்றுவிட்ட ஒரு காரை வைத்துக்கொண்டு இன்னும் வாய் கிழியப் பேசுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டாரும் சேர்ந்து வெளியே போக வசதியாகப் பெரிதாகப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சம்பாதித்து வாங்கும் வண்டி, இவர்கள் ஊர் சுற்றவா? அந்தப் பையை ஒருநாள், பஸ் நிறுத்தம் வரையாவது, இந்த இருவரில் யாராவது தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. பழைய வண்டி, இன்ஜின் சின்னது, யோசியுங்கள் என்று என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா கடைக்காரரிடம் சாவி வாங்கி வந்து வாசலில் ஹாரன் அடித்தார். மூன்று பேரையும் கூப்பிட்டார்.

“ஏங்க, முன்னாடி ஏறுங்க. உங்க அண்ணனும் ஏறட்டும். நீயும் ஏறு, நீயும்தானே சொன்னே.”

தண்ணீர் கேன் டிக்கியில். அதோடு டிக்கி நிறைந்துவிட்டதால் பின் சீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் மடி மேல் தொட்டி. பை கணவரின் காலடியில். வண்டி முதல் மேட்டை முனகிக்கொண்டே ஏறிற்று. பேக்கரி வளைவு வந்ததும், வழியில் எந்தத் தடையும் இல்லாதபோதே, அக்கா பிரேக்கை மிதித்து நிறுத்தினார். எதற்கு நிறுத்தினாய் என்றார் கணவர்.

“ஓடிக்கிட்டே எல்லா வண்டியும் ஏறும். இங்க தினமும் மாவு லாரி மறிச்சு நிக்குது. நின்னு ஏறணும்.”

கைப்பிரேக்கை விட்டார். இன்ஜின் அலறியது, கருகல் வாடை வந்தது, வண்டி ஒரு சாண் பின்னால் நழுவி அணைந்துபோயிற்று. மறுபடியும் பார்த்தார், மறுபடியும் அதேதான். தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணன் யோசனை சொன்னார்.

“ஏம்மா, இந்தத் தொட்டி, கேன், பை எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டா ஏறிடும்மா.”

கணவர் தலையாட்டினார். குனிந்து பையை எடுத்துக் கதவைத் திறக்கவும் போய்விட்டார். வேலைக்கு வாங்கும் வண்டியில் வேலைச் சாமான்தான் பாரமாம். அக்கா கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே நான் புரிந்துகொண்டு, தொட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

“உங்க அண்ணனை இறங்கச் சொல்லுங்க” என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இந்த முறை வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, மெதுவாக நகர்ந்தது. கணவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆனால் பத்தடியில் மறுபடியும் நின்றது. நிறுத்தியது அக்காதான்.

“நீங்களும் இறங்குங்க.”

“நான் எதுக்கு? ரெண்டு பேருக்கு நல்லாதானே இழுக்குது.”

“மேல வந்து என்ன பண்ணப் போறீங்க?”

அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு பையோடு இறங்கினார். கதவை மூடாமல் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார், அக்கா திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்கா என்னைப் பார்த்து, “கடைக்காரர்கிட்ட சொல்லிடு, வண்டி திரும்பி வராதுன்னு. தையல்காரம்மா வீட்டுக்குப் போறேன். முடி முளைக்கிற வரைக்கும் தலையாவது அலசி விடலாம்” என்றார்.

பிறகு கணவர் கையிலிருந்து பையை வாங்கி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டினார்.