அட்டைக்கு அடியில் இருந்த பெண்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைப் பசைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த காகிதமோ பூஞ்சை பிடித்த படமோ, அவள் மேசைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷ வேலை. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே தங்கையைப் படிக்கவைத்தாள். அதே அருங்காட்சியகத்துக்குத் தங்கை காட்சிப் பிரிவு அதிகாரியாக வந்து உட்கார்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நீர்வண்ண ஓவியம் ஒன்று மேசைக்கு வந்தது. கடற்கரையில் கூடையோடு இரண்டு பெண்கள், தோளில் வலையோடு ஒருவன். மூவரும் இடது பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரங்களை மறைத்துச் சுற்றிலும் ஒட்டியிருந்த பழைய அட்டையை அவள் மூன்று நாள் இழை இழையாக உரித்தாள். இடது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு, வெளிச்சமே படாத நீலம். அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாரிடமும் மூச்சுவிடாமல் மாடியில் தங்கையின் அறைக்கு ஓடினாள்.

"மூணு பேரும் இவளத்தாண்டி பாத்துட்டு இருந்திருக்காங்க! யாரோ கதவைத் திறந்து உள்ள வந்த மாதிரி இருந்துச்சு."

"இப்போதைக்கு வெளிய சொல்லாதக்கா. இயக்குநர்கிட்ட நானே முறையாப் பேசறேன்," என்றாள் தங்கை.

இரண்டு மாதத்தில் படத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். திறப்பு விழாவில் பசைக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தங்கை மைக்கைப் பிடித்தாள்.

"அட்டைய நான் உரிச்சதும் அந்தப் பொண்ணு தெரிஞ்சா. யாரோ கதவைத் திறந்து உள்ள வந்த மாதிரி இருந்துச்சு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்திலிருந்த காவலாளி, "உங்க தங்கச்சி கெட்டிக்காரிதான்!" என்றார். விழாவில் கொடுத்த கையேட்டைப் பசைக்காரி புரட்டிப் பார்த்தாள். கண்டுபிடித்தவர் என்று தங்கையின் பெயர். இவள் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் தங்கையைப் படிக்கட்டில் மறித்தாள். "என் வாயில வந்த வார்த்தையக்கூட விட்டுவைக்கலையேடி?"

"பசை ஒட்டறவங்க சொன்னா யாருக்கா கேப்பாங்க? பேரு நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு."

மறுநாள், தேதி போட்டு எழுதிவந்த தன் வேலைக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அக்கா தங்கச்சி விவகாரம். நீங்களே பேசித் தீத்துக்கோங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

தங்கை இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பசைக்காரி தலை நிமிராமல், "சொல்லுங்க மேடம்" என்கிறாள். முதல் தடவை தங்கை சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.