தொடக்கூடாத வண்டி

கார் அடிபட்டு ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. முதலில் போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அதற்கப்புறம், அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். அதுவும் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மனிதரைக் கட்டிக்கொண்டவளுக்கு ரொம்பவே கஷ்டம்.

என் வீட்டுக்காரரால் கோணலாக இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து ஃபேன் ஆடுகிறதென்று ஏறி நிற்க ஸ்டூல் கேட்பார். ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், சரியாக விழாத கேட்டுத் தாழ்ப்பாளை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்சை நான் வெடுக்கென்று விட்டு, அவர் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தபோதுகூட, "மெதுவா உடு கண்ணு, அது எங்கியும் ஓடிப்போகாது" என்பார். எங்கள் சொந்தத்தில் அப்போது கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். அவருடைய அக்கா அதை ஒரு வியாதியை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

ஒரு மத்தியானம் சூலூரில் என் தங்கை வீட்டிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மில் கேட்டுக்குள்ளிருந்து பஞ்சு லாரி திடீரென்று ரோட்டுக்கு வந்தது. வண்டியை வலது பக்கம் ஒடித்தேன். லாரி தப்பியது, ரோட்டோரப் புளியமரம் தப்பவில்லை. காரின் முன்பக்கமும் நான் உட்கார்ந்திருந்த பக்கமும் மரத்தில் போய் அப்பிக்கொண்டன. மரத்துக்குப் பட்டை உரிந்ததோடு சரி. எனக்கு வலது கை எலும்பு முறிந்தது. காருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். "தம்பி, ஸ்டேசன்ல நீ ஓட்டுனதா எழுதிக் குடுத்துப்போடு. பொம்பள ஓட்டி மோதுனான்னா ஊரே சிரிக்கும்" என்று பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கக்கா. ஓட்டுனது இவ. லைசென்சும் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார்.

எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு விபத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "சர்வேயர் பாக்கற வரைக்கும் ஒரு நட்டக்கூடத் தொட்டுப்போடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல மூன்று தடவை தலையாட்டினார். மறுநாளிலிருந்து விடிந்ததும் பட்டறைக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

"ஏனுங்க, எம்மேல கோவங்களா?"

"ஒண்ணுமில்ல அம்மணி. கையைத் தொங்கப்போடாத."

அவ்வளவுதான். காருக்கு இவ்வளவு துக்கமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அது என்ன எனக்குச் சக்களத்தியா? திட்டினால் திருப்பித் திட்டலாம், திட்டுவதில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. பேசாத மனிதரை என்ன செய்வது? இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'சரி' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். என்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் சர்வேயர் வந்தார். ஓட்டியவளிடம் ஏதாவது கேட்பார் என்று நானும் போனேன். மோதிய பிறகு வண்டியை அன்றுதான் பார்க்கிறேன். முன்பக்கம் சப்பிப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி கிடந்தது. மேற்கூரை மடங்கியிருந்தது. என்ஜின் உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஆனால் அந்த அலங்கோலத்துக்கு நடுவே டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் நேராக நின்றது. தட்டி நிமிர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செங்காவி நிறத்தில் ப்ரைமர்கூட அடித்திருந்தது.

சர்வேயர் காகிதத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "வலது பக்கம் மரத்துல மோதி, ஓட்டுனவங்களுக்குக் கை முறிஞ்சுதுன்னு எழுதியிருக்குதுங்க. இங்க வலது கதவு புதுசாட்ட இருக்குது. நான் எதைங்க நம்பறது?"

இவர் தலை குனிந்துகொண்டு நின்றார்.

"நாந்தானுங்க தட்டுனேன்."

"தொடக் கூடாதுன்னு சொல்லலீங்களா? சேஸிஸே வளைஞ்சு போச்சு. இந்த வண்டி இனி ரோட்டுக்கே வராது. இந்த ஒத்தக் கதவ நிமுத்தி என்னங்க பண்ணப்போறீங்க?"

"ஒண்ணும் பண்ணறதுக்கில்லீங்க. பட்டறைக்குப் போறப்பெல்லாம் கண்ணுல படுதுங்க. இவ உக்காந்திருந்த எடம் ஒரு சாணுக்குச் சுருங்கிக் கெடந்துதுங்க. அதப் பாத்துப்போட்டு வந்தா சோறு எறங்கலீங்க. அதுதான் தட்டிப்போட்டேன்."

சர்வேயர் குனிந்து கதவின் உள்பக்கத்தில் இருந்த சுத்தியல் தடங்களையும், முறுக்கிக்கொண்டிருந்த கீலையும் பார்த்தார். என் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "முழுச் சேதம்னு எழுதிக்கறேனுங்க" என்று பேனாவைத் திறந்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து நாளாக அந்த மனிதரை மனதுக்குள் எப்படியெல்லாம் வைதிருக்கிறேன். வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது, "இனிமே நான் ஓட்டலீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் என் கட்டுப்போட்ட கையை, குலுங்காமல் இருக்கத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அதெப்படி? அடுத்த வண்டி பாக்கறப்ப நீயும் வா. கதவு கெட்டியா இருக்குதான்னு மொதல்ல பாக்கோணும். நீ ஓட்டற வண்டியாச்சே."