தொடைநடுங்கியும் சிவப்புக் கிளிப்பும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்தது யார் என்று எவருக்கும் நினைவில்லை. பொருத்தமான பெயர்தான். லிஃப்ட் என்றால் பயம். ஆறு மாடியும் கைப்பிடியை விடாமல் படியில்தான் ஏறி இறங்குவார். போன் அடித்தால் பயம். பல்லியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் மட்டும் அண்ணா என்று கூப்பிடுவேன். கிண்டல் செய்வதிலும் நான்தான் முதல் ஆள்.

நாங்கள் உருவாக்குவது பழங்காலப் போர் விளையாட்டு, கணினியில் ஆடுவது. ஈட்டிக்காரர், வில்லாளி, குதிரைப்படை, கவண்காரர் என்று படையில் பல வகை. ஆடுகிறவர் தன் ஆட்களுக்குப் பிடித்த கவசத்தையும் கேடயத்தையும் தானே தேர்ந்தெடுத்து மாட்டிவிடலாம். அவற்றை வரைவது நான். எந்த வகை வீரன் எந்தக் கவசத்தோடு எத்தனை அடி தாங்குவான், எப்போது பயந்து ஓடுவான் என்று எண் போடுவது அவர். ஓட்டக் கணக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"கேடயத்தப் பிடுங்கினாக்கூட ஒருத்தன் நின்னுடுவான்மா" என்பார். "பக்கத்துல இருக்கிறவன் ஓடினான்னு வை, இவனும் ஓடிடுவான். அதுக்குத்தான் நான் பெரிய எண்ணா போட்டிருக்கேன்."

"அனுபவமாண்ணா?" என்று கேட்டால் சிரிப்பார். கோபமே வராத பிறவி.

புதுக் கவசங்களைச் சோதிக்கும்போது வீரர்களின் பயத்தையே அவர் நிறுத்திவிடுவார். யாரும் ஓடாமல் கடைசி ஆள்வரை சண்டை போட்டால்தான் எந்தக் கவசம் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். முடிந்ததும் பயத்தைத் திரும்பப் போட வேண்டும். அது மறந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அதனால் வீரர்களுக்குப் பயம் இல்லாத நேரமெல்லாம் தன் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப்பை மாட்டிவைப்பார். பயத்தைப் போட்டபிறகுதான் அதைக் கழற்றுவார்.

செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிடப் போயிருந்த நேரம். நான் வரைந்த காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறந்தன. கைக்கு எட்டியது அந்தக் கிளிப்தான். எடுத்துக் காகிதங்களில் மாட்டினேன். சத்தியமாக ஒன்றும் யோசிக்கவில்லை.

அவர் வந்து பார்த்தார். கிளிப் இல்லை. பயத்தைப் போட்டாயிற்று என்று நம்பி வேலையை ஒப்படைத்துவிட்டார். சாயங்காலம் அந்தப் புதுப் பதிப்பு ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் போய்விட்டது.

புதன் காலை மேலாளர் கத்திக்கொண்டே வந்தார். மேலே ஒரு கவசமும் இல்லாத கவண்காரர்கள், கிழிந்த சட்டையோடு, குதிரைப்படைக்கு எதிரே அசையாமல் நின்று சாகிறார்களாம். ஒரு பெரிய போட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். போன மாதம் இதைவிடச் சின்னத் தப்புக்கு ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. அண்ணா வீட்டிலும் அதே கதைதான். அண்ணி கால் முறிந்து படுத்து இரண்டு மாதம் ஆகிறது.

அண்ணா எழுந்தார். என் மேசையைக் கடக்கும்போது கிளிப் அவர் கண்ணில் பட்டது. என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

மேலாளரின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே போய் நின்ற அண்ணாவின் முழங்கால் ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"நான்தான் சார் மறந்துட்டேன்."

"வேற யாராவது உங்க இடத்துல எதையாவது தொட்டாங்களா?"



"இல்ல சார்."

எழுந்திரு, எழுந்திரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கால் கேட்கவில்லை. இன்றைக்கே வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

வெளியே வந்தவர் தன் இடத்தில் அமர்ந்து பயத்தைத் திரும்பப் போட்டார். ஒருமுறை ஓடவிட்டும் பார்த்தார். குதிரைகளைக் கண்டதும் கவண்காரர்கள் ஒழுங்காகச் சிதறி ஓடினார்கள். பிறகு சாப்பாட்டு டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்தக் கிளிப்ப என் எடத்துலயே மாட்டி வைம்மா. அடுத்து வர்றவருக்குத் தேவைப்படும்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். லிஃப்ட் திறந்தே நின்றது. அவர் அதைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போனார்.

கிளிப்பை உருவினேன். காகிதங்கள் பறந்தன. தட்டாமலே கதவைத் திறந்தேன்.

"சார், அவர் மறக்கல. இத எடுத்தது நான்."

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன இது, துணி காயப்போடுற கிளிப்பு?" என்றார். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லத் தொடை நடுங்கியது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆறு மாடி, கைப்பிடியை விடாமல் இறங்குகிறவர், இன்னும் நாலாவது மாடியைத் தாண்டியிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டே வேகமாகச் சொன்னேன்.