அவள் கட்சில் இருக்கிறாள்

என் மனைவி முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தாள். மும்பை செம்பூரில் எங்கள் தெருமுனைக்கு வரும் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறிப் போவாள். ஷிஃப்ட் முடிந்ததும் அதே பஸ்ஸில் வந்து இறங்குவாள். இடையில் அங்கே என்ன செய்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தேன். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பால்காரர், பெண்ணின் படிப்பு, ஹார்பர் லைன் ரயில் தாமதம், மாட்டுங்காவில் யார் வீட்டில் கல்யாணம் என்பது போன்ற விஷயங்கள்தான். கடைசி வருஷங்களில் நிலையத்தை இயக்கும் பிரிவு முழுவதுமே அவள் பொறுப்பில் இருந்தது. எனக்கு அது விசிட்டிங் கார்டில் இருந்த ஒரு பதவிப் பெயர்.

ஷிஃப்ட் வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டவனுக்குத்தான் தெரியும். அவள் எழுந்துபோன சூட்டில் நான் போய்ப் படுத்த நாட்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஏராளம். அதனால் அவள் ரிடையர் ஆகும் நாளுக்காக நான் காத்திருந்தேன். பெரிய ஆசைகள் இல்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காபி குடிக்க வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் அவசரப்படாமல் வாழைப்பூ பார்த்து வாங்க வேண்டும். கொங்கண் ரயிலில் ஒருமுறை பகலில் போக வேண்டும்.

அந்த வாழ்க்கை ஒரு மழைக்காலம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது. பால்கனியில் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, சாரல் படாத தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். இத்தனை பேசுகிறவளா இவள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அந்த ஃபோன் வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு பெண் பேசினாள். குஜராத்தில் கட்ச் பக்கம் சூரிய மின்நிலையம் ஒன்று கட்டி முடியப்போகிறது, அதற்குத் தலைமை தாங்க ஆள் வேண்டும் என்றாள். தான் நிலக்கரியிலேயே காலம் கழித்தவள், சோலார் தெரியாது என்று சொல்லி என் மனைவி ஃபோனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி ஃபோன் வந்தது. அதற்கும் மசியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மின்நிலையத்தைக் கட்டும் கம்பெனியின் முதலாளியே எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார்.

குஜராத்திக்காரர், நாற்பதுகூட இருக்காது. இரண்டாவது டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பேனல் கப்பலில் வந்து இறங்கிவிடுகிறது, நிலம் கிடைத்துவிடுகிறது, பாங்க் கடன் கொடுக்கத் தயாராக இருக்கிறது, படித்த பையன்களும் பெண்களும் நிறைய வருகிறார்கள் என்று ஹிந்தியில் சொன்னார். லைன் விழும்போது, அதாவது மின்சாரம் வெளியே போகும் பாதை திடீரென்று துண்டித்துக்கொள்ளும்போது, பதறாமல் நிற்கக்கூடிய ஒரு தலைக்குத்தான் நாடு முழுக்க அலைகிறோம் என்றார். அப்போதுதான் அவள் ஒரு கேள்வி கேட்டாள். சப்ஸ்டேஷன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று. அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி. கேட்கக் கேட்க அவள் முதுகு சோபாவில் சாய்வதை விட்டு நிமிர்ந்தது. அந்த மழைக்காலம் முழுக்க நான் பார்க்காத ஒரு மனுஷி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனதும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றேள்?"

"போயிட்டு வா," என்றேன்.

இரண்டு வருஷம் என்று பேச்சு. அதற்குள் தனக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒருவரைத் தயார் செய்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். பாந்த்ரா டெர்மினஸில் புஜ் போகும் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. அது ஓடுவதை நான் கவனித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு என் நாள் சூரியனை வைத்து நடந்தது. அங்கே வெயில் இறங்கி மின் உற்பத்தி நின்றால்தான் அவளுக்கு ஃபோனைக் கையில் எடுக்க முடியும். கட்ச் எங்களுக்கு மேற்கே வெகுதூரம். செம்பூரில் விளக்கு ஏற்றிய பிறகும் அங்கே வெளிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்தக் காரியமும் ஓடாது. பால்கனியில் நின்றுகொண்டு, இப்போது அங்கே எவ்வளவு வெயில் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கோபர்கைரனேயில் இருக்கும் எங்கள் பெண், "அப்பா, எங்காத்துக்கு வந்துடுங்கோளேன்" என்று ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டாள். போனால் அவளோடு ஃபோனில் பேசும் நேரத்தில் எல்லோரும் பங்கு கேட்பார்கள். நான் போகவில்லை.

இரண்டு வருஷம் முடியும் சமயத்தில், அவளைக் கூட்டி வருவதாக நினைத்துக்கொண்டு நானே கட்சுக்குப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் கருநீலத் தகடுகள். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டடம், பக்கத்தில் விருந்தினர் விடுதி. அவள் முகம் கறுத்திருந்தது. தலையில் ஹெல்மெட். பழைய நிலையத்தில் குடும்பத்தாரைக் கேட்டைத் தாண்டி விடமாட்டார்கள். அதனால் அவள் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. இங்கே கட்டுப்பாட்டு அறையின் ஒரு மூலையில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் புழுதிக்காற்று கிளம்பியது. ஜன்னல் பழுப்பாகிப் போனது. திடீரென்று திரைகள் எல்லாம் சிவப்பாக மாறின. மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய லைன் விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இளைஞர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு ஃபோன்கள் அடித்தன. உடனே லைனைச் சேர்த்துவிடலாம் என்று ஒருவன் எழுந்துவிட்டான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பெஹலே ஆத்மி கினோ," என்றாள். முதலில் ஆட்களை எண்ணுங்கள் என்று அர்த்தம்.

வெளியே வேலைக்குப் போயிருந்தவர்களில் இரண்டு பேர் வயர்லெஸ்ஸில் பதில் சொல்லவில்லை. உடனே லைனைச் சேர்க்கச் சொல்லி மும்பை ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் உயிர் போய்விடும், ஆட்கள் கிடைக்கும்வரை லைனைச் சேர்க்கப் போவதில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் எங்கள் பெண் ஜுரத்தில் வெட்டி வெட்டி இழுத்தபோது அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு மனசே இல்லையோ என்று அன்று நினைத்திருந்தேன். இப்போது அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த இரண்டு பேரும் முகமெல்லாம் துணி சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். காற்றில் வழி தெரியாமல் பெரிய மின்கம்பிகள் வந்து சேரும் ஸ்விட்ச்யார்டின் வேலி ஓரமாக ஒதுங்கியிருந்தார்களாம். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் லைனைப் பற்றிப் பேசினாள்.

வெயில் இறங்கியதும் விடுதி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். தனக்கு அடுத்த ஆள் என்று பார்த்துப் பார்த்து எடுத்த உதவி மேலாளர் காலையில்தான் வேலையை விடுவதாகச் சொன்னார் என்றாள். ராஜஸ்தானில் இன்னொரு கம்பெனி அவரையே தலைவராகக் கூப்பிட்டிருக்கிறது. முந்தைய வருஷம் இன்னொருவரும் இப்படித்தான் போயிருந்தார். உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிக் கோவிச்சுக்கறது? என்னையும் இப்படித்தானே கூப்பிட்டா. எல்லாருக்கும் இருபது வருஷம் அடிபட்ட ஆள் வேணும். இந்தத் தொழிலுக்கே இன்னும் அவ்வளவு வயசு ஆகலையே."

பிறகு, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள் என்றாள். "வேண்டாம்னு சொல்லிட்டு உங்களோடயே ரயில் ஏறிடறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போறும்."

அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"எனக்கு நீ ஆத்துல இருக்கணும். தினம் அதைத்தான் நினைச்சுண்டிருக்கேன். ஆனா மத்தியானம் அங்க உக்காந்து பாத்ததுக்கப்பறம் எப்படி வான்னு கூப்பிடறது?"

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நானும் அங்கேயே இருந்து பார்த்தேன். விடியும் முன்பே அவள் கிளம்பிவிடுவாள். பகல் முழுக்க விடுதியில் பேச ஆள் இல்லை, படிக்கத் தமிழ்ப் பேப்பர் இல்லை. அங்கேயும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். காத்திருப்பதானால் செம்பூரில் இருந்துகொண்டு காத்திருக்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருப்பேன் என்ற நிபந்தனையோடு அவள் இன்னொரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டாள். கம்பெனி மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஒரு வாரம் நடைமுறையில் மூன்று நாளாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது அவளுக்குக் கீழே இரண்டு உதவி மேலாளர்கள். ஒருவராவது தங்குவார் என்கிறாள். அதைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை வந்திருந்தாள். மாட்டுங்காவில் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். பிடித்த ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றும் நினைத்திருந்தேன். குளித்துவிட்டு ஐந்து நிமிஷம் சாய்கிறேன் என்று படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்ப மனசு வரவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கூந்தலில் ஷாம்பூ வாசனையையும் மீறி லேசாகப் புழுதி மணம் இருந்தது. கச்சேரி தொடங்கும் நேரம் வந்து, போயும் விட்டது. ஃபேன் வேகத்தை ஒன்று குறைத்துவிட்டு, சத்தம் வராமல் பேப்பரைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.