கம்பளிக்குப் பின்னால் போன மந்தை

கொடைரோடு பக்கத்துத் தரிசில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் தரையில் கிடந்ததைப் பார்த்ததுமே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பொம்மை நட்டால் அங்கே மேயும் செம்மறிகள் மிரண்டு விலகிப் போகும், முட்டைகளை மிதிக்காது. பொம்மைக்கு மாட்ட ஆட்டுக்காரர் தம் கம்பளியையே தந்தார். அவர் ஆடுகளின் ரோமத்தில் நெய்தது. சித்திரை வெயிலிலும் போர்த்தியிருப்பார். ஒல்லி உடம்பு, ஆட்டுக்கொம்பு போல வளைந்த மீசை.

கம்பளியைக் குச்சியில் மாட்டியதும் மொத்த மந்தையும் அதை நோக்கி ஓடிவந்தது. வெற்றுடம்போடு கத்தியவரை ஓர் ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இம்புட்டு நாளா கம்பளிதான் மேய்ச்சிருக்கு, அப்பு” என்றார் என்னிடம்.

கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். மந்தை என் பின்னால் வந்தது, முட்டைகள் தப்பின.

“செத்த நேரம் அப்படியே நில்லு, டீ குடிச்சிட்டு வாரேன்” என்று போய்விட்டார்.

நாளை கம்பளியைத் தரிசின் மறுகோடியில் நடப்போகிறோம். “அது பாத்துக்கிரும், நாம ரெண்டு பேருமே டீக்குப் போவோம்” என்கிறார்.