குராமோச்சியின் கழுகுக்கண்

என் அக்கா மிசாவோவைக் கட்டியவர் குராமோச்சி. தொயோஹாஷி நகராட்சியில் ஏதோ உத்தியோகம். ஆனால் அவருடைய அசல் உத்தியோகம் சாயங்காலம்தான் தொடங்கும். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், மறு கையில் போன். இணைய ஏலத்துக்கு வரும் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு ஒவ்வொன்றாகத் தீர்ப்பு எழுதுவார். அவரிடம் தீர்ப்புக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

விற்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லைதான். ‘நான் கத்துக்குட்டி, விவரம் தெரியாது. பழுதுச் சரக்கு என்று நினைத்து வாங்கவும். திருப்பி எடுக்க மாட்டேன்’ என்று எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுவார்கள்.

“பாத்தியா மாப்ள, கத்துக்குட்டியாம்! வளைஞ்ச கழுத்து தெரியாம படம் புடிக்க மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?” என்பார் என்னிடம். உடனே ஏலத்துக்குக் கீழே, ஊரே படிக்கும்படி, ‘கழுத்து வளைவு, திருகாணி புதுசு, வெட்கமாக இல்லையா?’ என்று எழுதிவிடுவார். ஏலம் கேட்க வந்தவர்கள் தெறித்து ஓடுவார்கள். அன்றைக்கு அத்தானுக்கு மீன் கூடுதல் ருசியாக இருக்கும்.

இத்தனை பேசுகிறவர் வாங்கிச் சேர்த்தது ஒன்பது. வந்த அன்று பெட்டியைத் திறந்து நாலு தடவை தப்பும் தவறுமாகத் தட்டுவார். அப்புறம் அது அலமாரிக்குள் போனால் போனதுதான். மெத்தையும் போர்வையும் இருக்கவேண்டிய அலமாரி அது. அவை நடையில் கிடந்து எல்லோர் காலையும் தடுக்கின.

“ஒண்ணே ஒண்ண வித்துடுங்களேன்” என்று அக்கா கேட்டாள்.

“ஒண்ணொண்ணும் என் உசுருடி. கைய வெச்ச, பாரு!”

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அக்கா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். “ஏலத்துல உன் கணக்குல போடுடா. தன்னோடதுன்னு அவரு கண்டுபுடிச்சிட்டா, திருப்பி வெச்சுட்டு மன்னிப்பும் கேட்டுக்கிறேன். இல்லன்னா வித்துடலாம்.”

என் வீட்டுத் தரையில் வைத்து நாலு படம் எடுத்தேன். கிட்டாரில் பொறித்த கம்பெனி எண் தெரியாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். கத்துக்குட்டிப் பாட்டையும் எழுதினேன்.

இரண்டாம் நாள் நானும் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. அக்கா சூப் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அவர் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவள் மனதுக்குள் கெஞ்சியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“கண்றாவி! இந்தச் சாயம் யாரோ பின்னால அடிச்சது. கழுத்து கோணல். அடுப்புக்குத்தான் ஆகும்” என்று சொல்லிக்கொண்டே அதை அப்படியே எழுதியும் விட்டார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கேட்பவர்கள் கலைந்தார்கள். ஃபுக்குயியில் ஒரு பள்ளிக்கூடப் பெண், இரண்டு பேர் ஓட்டலில் விலாங்குமீன் சோறு சாப்பிடும் காசுக்கு அதை எடுத்துக்கொண்டாள். அக்கா பெட்டியோடு அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரம் அத்தான் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். “அந்த வெறகயும் ஒரு ஏமாளி வாங்கியிருக்கான்!”

“அது நம்ம அலமாரியில இருந்ததுங்க” என்றாள் அக்கா.

அவர் எழுந்து ஓடினார். அலமாரியில் அந்தப் பெட்டி இருந்த இடத்தில் போர்வைகள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்து போனை எடுத்து, அதே படத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதே கண்தான்.

“அடிப்பாவி! இந்த நெறத்தப் பாரு, கம்பெனியில அடிச்சது அப்படியே இருக்கு! கழுத்து நூல் புடிச்ச மாதிரி நிக்குது! இப்படி ஒண்ணு இனிமே கெடைக்குமாடி?”

அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“நானும் இந்த வீட்டுலதாங்க இத்தன வருஷமா இருக்கேன். என் படத்தப் போட்டா என்ன எழுதுவீங்க?”